குளிர்காற்றிலிருந்து வெந்நீர்! – ஹீட் பம்ப் ஒரு பார்வை



ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால் ஒரு யூனிட் வெப்பம் கிடைக்கும். வாட்டர் ஹீட்டர், அயர்ன் பாக்ஸ், ஹாஸ்டலில் வார்டனுக்குத் தெரியாமல் பக்கெட்டில் போடும் காயில் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். ஆனால் ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்து மூன்று யூனிட் வெப்பம் வாங்கலாம் என்று ஒருவர் சொன்னால்? "என்னப்பா, ஆற்றல் அழிவின்மை விதியையே மாத்திட்டியா?" என்றுதான் நாம் கேட்போம்.

விதி எதுவும் மாறவில்லை. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் லட்சக்கணக்கான வீடுகளில் இந்த வேலை தினமும் நடந்துகொண்டிருக்கிறது. அதைச் செய்யும் கருவியின் பெயர் ஹீட் பம்ப். வெளியே உள்ள காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து, வீட்டைச் சூடாக்கவும் குளிக்க வெந்நீர் தரவும் பயன்படுவது காற்றுவழி ஹீட் பம்ப். இது எப்படி வேலை செய்கிறது, ஒரே மாதிரி இயந்திரம் ஒரு வீட்டில் நன்றாக ஓடி, இன்னொரு வீட்டில் கரண்ட் பில்லை ஏற்றிவிடுவது ஏன் என்பதைப் பார்ப்போம். இரண்டாவது கேள்விதான் டிப்ளமா படிக்கும் நமக்கு முக்கியமானது.

பிரிட்ஜைத் திருப்பிப் போட்டால்...

ரெஃப்ரிஜிரேஷன் பாடத்தில் நாம் எல்லோரும் வரைந்த படம்தான் இது. எவாப்பரேட்டர், கம்ப்ரஸர், கண்டென்சர், எக்ஸ்பான்ஷன் வால்வு என நான்கே பாகங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பிரிட்ஜின் பின்பக்கம் கையை வைத்துப் பாருங்கள், சூடாக இருக்கும். உள்ளே இருக்கும் காய்கறியிலிருந்து எடுத்த வெப்பமும், கம்ப்ரஸருக்குக் கொடுத்த மின்சாரமும் சேர்ந்துதான் அங்கே வெளியே வருகிறது. பிரிட்ஜில் நமக்கு வேண்டியது உள்ளே உள்ள குளிர்ச்சி. பின்பக்கச் சூடு வேண்டாத பொருள். ஹீட் பம்பில் அந்தச் சூடுதான் வேண்டிய பொருள். வித்தியாசம் அவ்வளவே.

வெளியே 0 டிகிரி குளிர் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றில் வெப்பமே இல்லையா? கெல்வின் அளவில் அது 273. மைனஸ் 15 டிகிரிகூட 258 கெல்வின். ஆகவே வெப்பம் நிறையவே இருக்கிறது. அது தாழ்ந்த மட்டத்தில் கிடக்கிறது, அவ்வளவுதான். பள்ளத்தில் கிடக்கும் தண்ணீரை மோட்டார் வைத்து மேல் தொட்டிக்கு ஏற்றுவது போல, தாழ்ந்த மட்டத்து வெப்பத்தை உயர்ந்த மட்டத்துக்கு ஏற்றுவதால்தான் இதற்கு 'பம்ப்' என்று பெயர்.

வெளியில் இருக்கும் காயிலில் குளிரூட்டித் திரவம் காற்றைவிடச் சில டிகிரி குறைந்த வெப்பநிலையில் கொதிக்கிறது. குளிரில் கொதிப்பதா என்று கேட்க வேண்டாம். சாதாரண காற்றழுத்தத்தில் புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிப்பதற்கு வேண்டிய உள்ளுறை வெப்பத்தை அது வெளிக்காற்றிலிருந்து வாங்கிக்கொள்கிறது. அந்த ஆவியை கம்ப்ரஸர் அழுத்தும்போது வெப்பநிலை ஏறுகிறது. பிறகு கண்டென்சரில் அது திரவமாகும்போது தன் வெப்பத்தை வீட்டுக்குள் ஓடும் தண்ணீருக்குக் கொடுத்துவிடுகிறது. எக்ஸ்பான்ஷன் வால்வு வழியாக அழுத்தம் குறைந்து, திரவம் மறுபடி வெளிக் காயிலுக்குப் போகிறது.

இப்போது கணக்கு சரியாகிவிட்டதல்லவா? காற்றிலிருந்து இரண்டு யூனிட், மின்சாரத்திலிருந்து ஒரு யூனிட், ஆக மொத்தம் மூன்று. இந்த மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தைத்தான் சி.ஓ.பி. என்று எழுதுகிறோம்.

கொஞ்சம் வரலாறு

சாடி கார்னோ 1824-ல் வெப்ப எந்திரங்களின் எல்லையை வகுத்தார். 1852-ல் வில்லியம் தாம்சன், அதாவது பின்னாளில் லார்ட் கெல்வின் ஆனவர், அதே சுழற்சியைத் திருப்பி ஓட்டினால் கட்டடங்களைச் சூடாக்கலாம் என்று எழுதினார். எழுதி ஏறக்குறைய 85 ஆண்டுகள் கழித்துத்தான் அது ஒரு பெரிய கட்டடத்தில் நடைமுறைக்கு வந்தது. சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகர மன்றக் கட்டடத்தில் 1938-ல் ஓடத் தொடங்கிய ஹீட் பம்ப், பக்கத்தில் ஓடும் லிம்மட் ஆற்றுத் தண்ணீரிலிருந்து வெப்பம் எடுத்தது. ஆறு எல்லா வீட்டுக்கும் பக்கத்தில் ஓடாது. காற்று எல்லா வீட்டுக்கும் உண்டு. அதனால்தான் இன்று காற்றுவழி வகையே அதிகம் விற்கிறது.

"அதெல்லாம் சரி, கடுங்குளிர் நாட்டில் ஓடுமா?" என்று கேட்பவர்களுக்கு நார்வே பதில் சொல்கிறது. சர்வதேச எரிசக்தி முகமை 2022-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, நார்வேயில் சுமார் 60 சதவீதக் கட்டடங்களில் ஹீட் பம்ப் இருக்கிறது. ஸ்வீடனிலும் பின்லாந்திலும் 40 சதவீதத்துக்கு மேல். ஐரோப்பாவில் குளிர் அதிகமான நாடுகளில்தான் இது அதிகம் பரவியிருக்கிறது!

எல்லாம் 'ஏற்றத்தில்' இருக்கிறது

இங்குதான் நம் கட்டுரையின் மையம். சி.ஓ.பி. என்பது இயந்திரத்தின் மேல் ஒட்டியிருக்கும் நிலையான எண் அல்ல. கிணறு ஆழமானால் மோட்டாருக்கு வேலை கூடுவது போல, வெப்பத்தை எவ்வளவு உயரத்துக்கு ஏற்றுகிறோமோ அவ்வளவு மின்சாரம் தின்னும்.

கார்னோ சூத்திரம் நினைவிருக்கிறதா? சூடான பக்கத்தின் கெல்வின் வெப்பநிலையை, இரு பக்கங்களுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் உச்சவரம்பு சி.ஓ.பி. கிடைக்கும். உண்மை இயந்திரம் அதில் ஏறத்தாழ 45 சதவீதம் தரும் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். வெளியே 0 டிகிரி:

தண்ணீர் 35 டிகிரி: கார்னோ 8.8, நடைமுறையில் சுமார் 4
தண்ணீர் 45 டிகிரி: கார்னோ 7.1, நடைமுறையில் சுமார் 3.2
தண்ணீர் 55 டிகிரி: கார்னோ 6.0, நடைமுறையில் சுமார் 2.7
தண்ணீர் 65 டிகிரி: கார்னோ 5.2, நடைமுறையில் சுமார் 2.3

இப்போது வெளியே மைனஸ் 15 என்று வைத்து, தண்ணீரை 35 டிகிரிக்கு மட்டும் சூடாக்குங்கள். கார்னோ 6.2, நடைமுறையில் சுமார் 2.8 வருகிறது. அதாவது மைனஸ் 15 டிகிரிக் குளிரில் 35 டிகிரித் தண்ணீர் தருவதும், 0 டிகிரிக் குளிரில் 55 டிகிரித் தண்ணீர் தருவதும் ஏறக்குறைய ஒன்றுதான். வெளியில் எவ்வளவு குளிர் என்பது நம் கையில் இல்லை. தண்ணீரை எவ்வளவு சூடாக்குவது என்பது நம் கையில் இருக்கிறது. நல்ல பில்லும் கெட்ட பில்லும் பிரியும் இடம் இதுதான்.

ரேடியேட்டர் சொல்லும் கதை

இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். அங்கே பெரும்பாலான வீடுகளில் எரிவாயு பாய்லர்தான். பாய்லரில் சூடான தண்ணீர், சுவரோரம் இருக்கும் ரேடியேட்டர்களுக்குப் போய் அறையைச் சூடாக்குகிறது. பாய்லர் 70 டிகிரித் தண்ணீரைச் சர்வசாதாரணமாகக் கொடுக்கும். ஆகவே ரேடியேட்டர் சிறியதாக இருந்தாலும் போதும்.

பாய்லரைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஹீட் பம்பை இணைத்தால் என்ன ஆகும்? ரேடியேட்டரின் சராசரி வெப்பநிலைக்கும் அறை வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசம் 50 டிகிரியாக இருக்கும்போது அது 1,000 வாட் தருகிறது என்று கொள்வோம். வித்தியாசம் 30 டிகிரியாகக் குறைந்தால் கிடைப்பது ஏறக்குறைய 515 வாட். 20 டிகிரி என்றால் சுமார் 300 வாட்தான். வித்தியாசத்தின் 1.3 அடுக்குக்கு ஏற்ப வெப்பம் மாறுவதால் வரும் கணக்கு இது.

ஆகவே தண்ணீரின் சூட்டைக் குறைக்க வேண்டுமானால் ரேடியேட்டரின் பரப்பைக் கூட்ட வேண்டும். அல்லது தரைக்கு அடியில் குழாய் பதித்து தரையையே ரேடியேட்டராக்க வேண்டும். அதற்கு 35 டிகிரித் தண்ணீரே பெரும்பாலும் போதும். இதைச் செய்யாமல், "வீடு சூடாகலையே" என்று தண்ணீர் வெப்பநிலையை 60-க்கும் 65-க்கும் ஏற்றி வைத்தால் வீடு சூடாகும்; கூடவே பில்லும் சூடாகும்!

பணத்தில் சொன்னால்

ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 12,000 யூனிட் வெப்பம் தேவை என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுச் சராசரி சி.ஓ.பி. 2 என்றால் 6,000 யூனிட் மின்சாரம். 3 என்றால் 4,000. 4 என்றால் 3,000. 2024-ல் பிரிட்டனில் ஒரு யூனிட் மின்சாரத்தின் விலை ஒரு யூனிட் எரிவாயுவைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு இருந்தது. 90 சதவீதத் திறனுள்ள பாய்லர் அதே வெப்பத்தைத் தர 13,333 யூனிட் எரிவாயு எரிக்கும்; அதன் விலை சுமார் 3,333 யூனிட் மின்சாரத்தின் விலைக்குச் சமம். ஆகவே சராசரி 3.6 வந்தால்தான் இரண்டும் சமம். 2-ல் ஓடினால் அந்தக் குடும்பத்துக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு செலவு. ஓய்வூதியத்தில் வாழும் முதியவர் ஒருவர் வீடாக இருந்தால், பில்லுக்குப் பயந்து மெஷினை அணைத்துவிட்டுக் குளிரில் உட்கார்ந்திருப்பார். நம் டேபிளில் 35-க்கும் 60-க்கும் உள்ள வித்தியாசம் அவருக்கு எண் விளையாட்டு அல்ல.

நேரடி மின் ஹீட்டரால் சூடாக்கும் வீடு என்றால் கதையே வேறு. அங்கே சி.ஓ.பி. 2 வந்தாலே பாதிச் செலவு மிச்சம். நார்வேயில் பல வீடுகள் முன்பு அப்படித்தான் சூடாக்கப்பட்டன. அங்கு பெரும்பாலும் மாட்டப்பட்டது, நம் ஊர் ஸ்பிளிட் ஏ.சி. போலச் சூடான காற்றை நேராக அறைக்குள் ஊதும் வகை. ரேடியேட்டர் பிரச்சினையே அதில் கிடையாது.

83 வீடுகள் கற்றுத் தந்த பாடம்

இது வெறும் காகிதக் கணக்கல்ல. பிரிட்டனில் எனர்ஜி சேவிங் டிரஸ்ட் என்ற அமைப்பு 83 வீடுகளில் ஹீட் பம்புகளை அளந்து பார்த்து 2010-ல் முடிவை வெளியிட்டது. அவற்றில் நிலத்திலிருந்து வெப்பம் எடுப்பவையும் காற்றிலிருந்து எடுப்பவையும் இருந்தன. சில வீடுகளில் விகிதம் மூன்றைத் தாண்டியது. சிலவற்றில் ஒன்றுக்குச் சற்று மேலே மட்டும், அதாவது சாதாரண மின் ஹீட்டரைவிடக் கொஞ்சம்தான் மேல்!

மெஷினில் கோளாறா? பெரும்பாலும் கோளாறு மெஷினைச் சுற்றித்தான் இருந்தது. வீட்டின் வெப்ப இழப்புக்குப் பொருந்தாத அளவு, தேவைக்கு மேல் சூடான தண்ணீர், உறை போடாத குழாய்கள், எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் சுற்றோட்ட பம்ப், வீட்டுக்காரருக்குப் புரியாத கண்ட்ரோல் என்று பட்டியல் நீண்டது. குறையுள்ள பல வீடுகளில் இவற்றைச் சரிசெய்து மீண்டும் அளந்தார்கள். 2013-ல் வந்த இரண்டாம் அறிக்கை முன்னேற்றத்தைக் காட்டியது. நிறுவுவதற்கான விதிமுறைகளும் இறுக்கமாக்கப்பட்டன.

பிறகு பிரிட்டிஷ் அரசின் நிதியில் 742 வீடுகளில் இன்னொரு பெரிய சோதனை நடந்தது. 2023 வரை அளந்ததில் காற்றுவழி ஹீட் பம்புகளின் இடைநிலை மதிப்பு சுமார் 2.8. விக்டோரியா காலத்துப் பழைய வீடு, 1960-களின் அடுக்குமாடி என்று எல்லா வகை வீட்டிலும் ஹீட் பம்பைப் பொருத்த முடியும் என்பதும் தெரிந்தது. ஆனால் நல்ல வீட்டுக்கும் மோசமான வீட்டுக்கும் உள்ள இடைவெளி அப்போதும் பெரிதாகவே இருந்தது.

வெந்நீர் விஷயம்

குளிக்கிற வெந்நீருக்கு 35 டிகிரி போதாது. பொதுவாக 50 டிகிரி அளவில் தொட்டியில் சேமிக்கிறார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும்; அதனால் இடையிடையே, பெரும்பாலும் வாரம் ஒருமுறை, 60 டிகிரிக்கு ஏற்றுவது வழக்கம். 200 லிட்டர் தண்ணீரை 15-லிருந்து 55 டிகிரிக்குக் கொண்டுபோக 9.3 யூனிட் வெப்பம் வேண்டும். சாதாரண ஹீட்டருக்கு 9.3 யூனிட் கரண்ட், சி.ஓ.பி. 3 என்றால் 3.1 யூனிட்.

ஜப்பான்காரர்கள் இதற்கென்றே ஒரு வழி கண்டார்கள். 2001-ல் அங்கே விற்பனைக்கு வந்த 'எகோகியூட்' வகை ஹீட்டர்களில் குளிரூட்டியாக இருப்பது கார்பன் டை ஆக்ஸைடு. இதை மீண்டும் குளிரூட்டியாகப் பயன்படுத்தலாம் என்று 1980-களின் இறுதியில் வழிகாட்டியவர் நார்வே பேராசிரியர் குஸ்தாவ் லோரன்ட்ஸன். கார்பன் டை ஆக்ஸைடின் கிரிட்டிக்கல் வெப்பநிலை 31 டிகிரிதான். ஆகவே வெந்நீர் பக்கத்தில் அது திரவமாக மாறுவதில்லை. படிப்படியாகக் குளிர்ந்துகொண்டே வருகிறது. எதிர்த்திசையில் வரும் பச்சைத் தண்ணீர் படிப்படியாகச் சூடேறி 65 முதல் 90 டிகிரி வரை போகிறது. தண்ணீர் குளிர்ச்சியாக உள்ளே வரவேண்டும் என்பதுதான் இதன் நிபந்தனை. ரேடியேட்டரிலிருந்து ஏற்கெனவே சூடாகத் திரும்பும் தண்ணீர் என்றால் இதன் திறன் விழுந்துவிடும். ஒரு வேலைக்குச் சிறந்தது இன்னொன்றுக்குச் சிறந்ததாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு நல்ல உதாரணம்.

நம் தமிழ்நாட்டில் வீட்டைச் சூடாக்கும் வேலை அநேகமாக இல்லை. ஆனால் ஓட்டல், மருத்துவமனை, விடுதி போன்ற இடங்களுக்கு வெந்நீர் வேண்டும். 30 டிகிரிக் காற்றிலிருந்து 55 டிகிரிக்கு ஏற்றுவது எவ்வளவு சின்ன ஏற்றம் என்று மேலே உள்ள சூத்திரத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள்.

பனி படிந்தால்?

வெளிக் காயில் 0 டிகிரிக்குக் கீழே போகும்போது காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் பனியாகப் படியும். பனி மூடினால் காற்று போகாது. அப்போது நான்குவழி வால்வு திரும்பி, சில நிமிடங்களுக்கு வீட்டுப் பக்கத்திலிருந்து வெப்பத்தை எடுத்து வெளிக் காயிலுக்கு அனுப்பிப் பனியை உருக்கும். மைனஸ் 15-ல்தான் இந்தத் தொல்லை அதிகம் என்று நினைப்போம். அப்படியல்ல! கடுங்குளிர்க் காற்றில் ஈரமே குறைவு. 0-க்குச் சற்று மேலே, ஈரப்பதம் நிறைந்த காற்றில்தான் பனி வேகமாகப் படியும். உருகிய நீர் வடிய வழியில்லாமல் யூனிட்டை வைத்தால் அடியிலேயே ஐஸ் கட்டிவிடும். மூலையில் அடைத்து வைத்தால், தான் வெளியே விட்ட குளிர்க்காற்றையே அது மறுபடி உள்ளே இழுக்கும்.

குளிரூட்டியும் மாறுகிறது. ஆர்-410ஏ வாயு கசிந்தால் அதே எடை கார்பன் டை ஆக்ஸைடைப் போல 2,088 மடங்கு புவியைச் சூடாக்கும். ஆர்-32 என்றால் 675 மடங்கு. இப்போது ஐரோப்பாவில் பரவிவரும் ஆர்-290 என்ற புரொப்பேனுக்கு இது வெறும் 3. ஆனால் அது தீப்பற்றக்கூடியது. வைக்கும் இடம், கசிவுச் சோதனை, கருவிகள் எல்லாவற்றிலும் பொருத்துபவர் கவனமாக இருக்க வேண்டும்.

பாதி மெஷின் வீட்டில் செய்யப்படுகிறது

தொகுத்துச் சொன்னால், பொருத்தப் போகிறவர் செய்ய வேண்டியவை இவை: ஒவ்வொரு அறையின் வெப்ப இழப்பையும் தனித்தனியாகக் கணக்கிடுதல், அதற்கேற்ற ரேடியேட்டர் பரப்பு தருதல், "எதுக்கும் இருக்கட்டும்" என்று பெரிய மெஷினை மாட்டி அடிக்கடி ஆன்-ஆஃப் ஆக விடாமல் சரியான அளவைத் தேர்ந்தெடுத்தல், வெளிக் குளிருக்கு ஏற்பத் தண்ணீர் வெப்பநிலை தானே மாறும்படி கண்ட்ரோலை அமைத்தல், குழாய்க்கு உறை போடுதல். கடைசியாக, வீட்டுக்காரரிடம் உட்கார்ந்து பேசுதல்: "இது பாய்லர் மாதிரி போட்டு அணைக்கிறது இல்லீங்க. மிதமான சூட்டில் தொடர்ந்து ஓட விடுங்க."

இதில் எதுவும் பி.எச்.டி. ஆராய்ச்சி அல்ல. ஹீட் டிரான்ஸ்ஃபர், ரெஃப்ரிஜிரேஷன், கொஞ்சம் பிளம்பிங், கொஞ்சம் எலக்ட்ரிக்கல் என எல்லாம் நம் பாடத்திட்டத்துக்குள் இருப்பவைதான். கம்ப்ரஸர் தொழிற்சாலையிலிருந்து வருகிறது, ஆனால் சி.ஓ.பி. என்ற எண்ணின் பாதி, ஸ்பேனரும் டேப்பும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும் டெக்னீஷியன் கையில் முடிவாகிறது. ஒரு குடும்பம் கதகதப்பாகத் தூங்குமா, பில்லைப் பார்த்துத் தூக்கம் கெடுமா என்பதும் அங்கேதான் முடிவாகிறது.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை பரீட்சையில் வேப்பர் கம்ப்ரஷன் சுழற்சியை வரையும்போது கண்டென்சர் வெப்பநிலைக் கோட்டை எந்த உயரத்தில் போடுகிறோம் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். அதற்குக் கிடைப்பது பத்து மார்க் மட்டுமல்ல!